சாப்பிட்டுக் காட்டுகிறவர்

அந்த வணிகத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வாய்க்குள் போகிற சரக்கை விற்க வருகிறவர், வாங்குகிறவர் கண் முன்னால் அதை முதலில் தானே விழுங்கிக் காட்ட வேண்டும். விழுங்கியபின் நாக்கையும் நீட்டிக் காட்ட வேண்டும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வெளியே போய்த் துப்பியவர்களை அந்தத் தெரு நிறையப் பார்த்துவிட்டது. முத்திரை வைத்த சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால் கடைக்காரர் அதை விசிறியாக வைத்துக்கொள்வார். நாக்கைப் பார்த்த பிறகுதான் விலையைக் கேட்பார்.

அவளுடைய கணவர் இந்த வேலையில் கைதேர்ந்தவர். தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். ஒரு சிரிப்பு, ஒரு விழுங்கல், ஒரு நாக்கு, அடுத்த மூச்சில் பேரம். தெருவில் அவருக்கு 'முழுங்கி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணமான புதிதில் வீட்டுக்குத் தொலைபேசியில் யாரோ "முழுங்கி இருக்காரா?" என்று கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்றது. இப்போதெல்லாம் "குளிக்கிறார்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள்.

அவர் விழுங்கியது பாசி மாத்திரை. பாறையில் சாம்பல் பச்சையாகப் படர்ந்தும், மரக்கிளையில் தாடியாகத் தொங்கியும் வளர்கிற பாசி. படித்தவர்கள் லைக்கன் என்பார்கள். பார்வைக்குச் சுவரில் சுண்ணாம்பு உரிந்த மாதிரி இருக்கும். உள்ளே சரக்கு அதிகம். ஓட முடியாத உயிர், ஒளிய முடியாத உயிர். அதனால் வெயிலைத் தாங்க ஒரு ரசாயனம், பூச்சி கடிக்காமலிருக்க ஒரு ரசாயனம் என்று தனக்குத் தானே தயாரித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சாரத்தைப் பிரித்து, உலர்த்தி, மாத்திரைக் கூட்டில் அடைத்து விற்பது கணவரின் அண்ணனுடைய தொழில். பெரியத்தான் என்று அவள் கூப்பிடும் அந்த மனிதருக்கு ஊறல் தொட்டிகள் நாலு, அரைவை இயந்திரம் ஒன்று, கையால் திருகி மாத்திரை அடைக்கும் பலகை இரண்டு, சம்பளமில்லாத சோதனைக்காரி ஒருத்தி. அந்த ஒருத்தி அவள்தான். வேதியியல் படித்த மருமகள் வீட்டுக்கு வந்தால் வேறென்ன செய்வார்கள்?

கொட்டகையின் பின்புறம், வடக்குப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை. அதுதான் சோதனைச் சாலை. அங்கே தினமும் ஒரே வேலை. கரு ஊதா நிறத்தில் ஒரு திரவம். அதில் பாசிச் சாரத்தில் சில துளி விட்டு, அரை மணி நேரம் இருட்டு அலமாரியில் வைத்து எடுப்பாள். சாரத்தில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சக்தி இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு வீரியம். ஒரு வெள்ளைத் தாளைச் சோதனைக் குழாய்க்குப் பின்னால் பிடித்துக் கண்ணால் பார்ப்பாள். பிறகு கருவியில் வைத்து எண்ணைக் குறிப்பாள். தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அவள் கணவர் அதையே கடைகளில் வேறு பாஷையில் சொல்வார்: "இரும்புக்குத் துரு மாதிரி உடம்புக்கும் உள்ளுக்குள்ள துருப்பிடிக்குது சார். இது துருவைத் தடுக்குது. அவ்வளவுதான் விஷயம்."

இரண்டரை மாதத்துக்கு முன்பு பெரியத்தான் ஊறல் முறையை மாற்றினார். அதுவரை சாராயமும் தண்ணீரும் கலந்துதான் பாசியை ஊறப்போட்டார்கள். ஆவியாக்கி எடுக்க இரண்டு நாள் பிடிக்கும். யாரோ சொன்னார்களென்று அசிட்டோனுக்கு மாறினார். ஒரே நாளில் வேலை முடிந்தது. அதைவிட அதிசயம், புதுச் சாரம் பட்டதும் ஊதா தாக்குப்பிடிக்கவில்லை. அரை மணி தேவைப்படாமல் அஞ்சே நிமிஷத்தில் மஞ்சளானது. பெரியத்தான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல் முறையாக அவளுக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார். குடுவையின் விளிம்பில் மஞ்சள் ஊசிகளாகப் படிகம் படிந்திருந்ததை அவளும் பார்த்தாள். அழகாக இருக்கிறதே என்று நினைத்தாள். தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் கணவர் புதுப் புட்டி வாங்கிப்போக அந்த அறைக்குள் வந்தார். காட்டுகிற புட்டி என்று அதற்குப் பெயர். கடைக்காரர்கள் முன்னால் விழுங்குவதற்கென்றே தனியாகக் கொடுப்பது. வந்தவர் வழக்கம்போல நின்றுகொண்டே பேசாமல் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். பசியில்லை என்றார். ரெண்டு வாரமாகவே சோறு பிடிக்கவில்லை, வெயில் காரணமாக இருக்கும் என்றார். முதுகு அரிக்கிறது என்று நாற்காலியின் சட்டத்தில் தேய்த்துக்கொண்டார். அவள் ஜன்னலைப் பார்த்துச் சோதனைக் குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்திருந்தாள். ஏதோ சொல்லத் திரும்பியபோது தாளும் அவர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

அவர் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை.

முதலில் வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டாள். அவரை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். தாளைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள். தினமும் எந்த நிறத்துக்காகக் காத்திருந்து கையெழுத்துப் போட்டாளோ அதே நிறம், வைக்கோல் மஞ்சள், அவர் இரண்டு கண்ணிலும் இருந்தது. கையிலிருந்த குழாயை அதன் தாங்கியில் வைத்தாள்.

"என்ன, என் மூஞ்சியிலயும் மார்க் போடுறியா?" என்றார் அவர்.

சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டாள். பொண்டாட்டி கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துவிட்டு, கொஞ்சம் கறுப்பு டீ மாதிரி என்றார். தண்ணீர் குறைச்சலாகக் குடிக்கிறாராம். புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவள் பையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குக் கடைக்குப் போக வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றாள். அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரைச் சரி சொல்லவைத்தது. அவர் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே அவளை இன்னும் பயமுறுத்தியது. கணவர் எதற்கும் முதல் தடவையில் சரி சொல்கிற ஆள் இல்லை.

அவர் போன பிறகு கதவைத் தாழ்போட்டாள். கல்லூரிக் காலத்துக் குறிப்புகளை ஒரு அட்டைப் பெட்டியில் கட்டி வைத்திருந்தாள். பாசிகளின் ரசாயனங்களைப் பற்றிய பக்கத்தைத் தேடி எடுத்தாள். அஸ்னிக் அமிலம். மஞ்சள் ஊசிப் படிகம். ஆக்சிஜனேற்றத் தடுப்பு உண்டு, கிருமியை அழிக்கும் தன்மை உண்டு என்ற வரிக்கு அவளே ஒரு காலத்தில் பச்சை மையில் அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்கு அடுத்த வரியில் கோடு இல்லை. வாய் வழியாக அதிக அளவில் தொடர்ந்து போனால் ஈரல் கெடும். ஈரல் அணுக்கள் சக்தி தயாரிக்கும் வேலையையே அது நிறுத்திவிடும். அசிட்டோனில் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரையாது.

ஊதா மஞ்சளாகிறதா என்று பார்க்கிற சோதனை அந்த ஒன்றைத்தான் சொல்லும். நல்லது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். கூடவே ஏறிக்கொண்டு வந்தது எது என்று சொல்லாது. நல்லதும் கெட்டதும் ஒரே பொருளாக இருந்தால் சத்தமே போடாது. இரண்டரை மாதம் அவள் அந்தக் குழாயைக் கேட்டது ஒரே கேள்வி. அது ஒழுங்காகப் பதில் சொன்னது.

ஒரு புது மாத்திரையைப் பிரித்து அசிட்டோனில் கரைத்து, வடிகட்டி, கண்ணாடித் தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தாள். அலமாரியில் பழைய முறை மாத்திரைகள் சாட்சிக்கென்று பத்து எடுத்து வைத்திருந்தாள். அதிலும் ஒன்றைப் பிரித்து இன்னொரு தட்டில் வைத்தாள். அசிட்டோன் பறந்துபோக நேரம் எடுக்கவில்லை. பழைய தட்டில் ஒரு மங்கல் கறை. புதுத் தட்டில் மஞ்சள் ஊசிகள் ஒன்றன்மேல் ஒன்றாக முளைத்து வந்தன. சுரண்டி எடை போட்டாள். சுத்தமில்லாத கணக்குத்தான், நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் மில்லிகிராம். ஒரு மாத்திரைக்கு. அவர் ஒரு நாளைக்கு எத்தனை கடை ஏறி இறங்குகிறார் என்று யோசித்துப் பார்த்தாள். யோசனையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பெரியத்தானிடம் இரண்டு தட்டையும் கொண்டுபோய்க் காட்டி, தம்பியின் கண் மஞ்சளானதையும் சொன்னாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை. தொட்டி அருகே வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் பார்க்கிறார்களா என்று பார்த்தார். தம்பிக்குக் காமாலை என்றால் வைத்தியம் பார்ப்போம், நானே கூட வருகிறேன் என்றார். உலகத்தில் காமாலை வர ஆயிரம் வழி இருக்கிறது, அதில் நம்ம வழி மட்டும்தானா கண்ணுக்குத் தெரியுது என்றார். பிறகு குரலை இறக்கினார்.

"டாக்டர்கிட்ட உடம்பைப் பத்திப் பேசுங்க. சரக்கைப் பத்திப் பேசாதீங்க. தேறுச்சுன்னு எழுதின கை யாரோடதுன்னு உனக்கே தெரியும்."

அது மிரட்டலா, உண்மையா? இரண்டும்தான். அவள் தட்டை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பக்கத்திலிருந்த ஒரு டாக்டரம்மாவின் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். கண்டிப்பான, சோர்வான பெண்மணி. கீழ்த்தளத்து மருந்துக்கடையின் கண்ணாடி அலமாரியில் இவர்களுடைய பாசி மாத்திரை மூன்று வரிசை அடுக்கியிருந்தது. போன வாரம் அந்தக் கடைக்காரர் முன்னால் நாக்கை நீட்டியதும் அவள் கணவர்தான். படியேறும்போது அவள் கணவர் அந்த அலமாரியைப் பார்த்து, நல்ல இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று திருப்திப்பட்டுக்கொண்டார். இரண்டு படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார்.

காலையிலிருந்தே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒரு நாளைக்கு எத்தனை என்று. வீட்டில் நாலைந்து என்றார். வண்டியில் ஏறியதும் மூன்று என்றார். பெரியத்தான் முன் இருக்கையிலிருந்து திரும்பியதும் ரெண்டு என்றார். விற்கிறவனும் வாங்குகிறவனுமாகவே வளர்ந்த குடும்பம். யார் எந்த எண்ணைக் கேட்டாலும் நிஜமான எண்ணை முதலில் வெளியே விட மாட்டார்கள். வயசைக் கேட்டாலே இரண்டு குறைத்துச் சொல்லிவிட்டு எதிராளி முகத்தைப் பார்ப்பவர்கள்.

மதியம் முடிவு வந்தது. பெரியத்தானை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா இவர்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். ஈரல் பரிசோதனை எண்கள் மோசமாக இருக்கின்றன என்றார். ரத்தம் உறையும் நேரமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார், இல்லை. வேறு மருந்து மாத்திரை?

"சத்து மாத்திரை ஒண்ணு எடுப்பேன் டாக்டர். நம்ம சரக்குதான். கீழ உங்க கடையிலகூட இருக்கு."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ஒண்ணு. என்னைக்காவது ரெண்டு."

டாக்டரம்மா இரண்டு என்று எழுதினார். அந்த அளவுக்கு இப்படி ஆகாது, அநேகமாகக் கிருமியால் வந்த காமாலையாகத்தான் இருக்கும் என்றார். அதற்கான பரிசோதனை வர ரெண்டு நாளாகும்; வீட்டில் ஓய்வெடுங்கள், அந்த மாத்திரையை எதற்கும் நிறுத்திவையுங்கள், ரெண்டு நாள் கழித்து வாருங்கள் என்றார். மூடியைப் போட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

ரெண்டு நாள். குறிப்பில் இன்னொரு வரியும் படித்திருந்தாள்: சிலருக்குச் சில நாளிலேயே ஈரல் முழுதும் கைவிட்டுவிடும். இங்கே உட்கார்ந்து பொய் சொல்லாதீர்கள் என்று அவரைக் கெஞ்சினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டோடு இன்னும் ஒன்று சேர்த்து மூன்றில் நிற்பார். அழுதால் நாலு. கதவுக்கு வெளியே பெரியத்தான் தொண்டையைச் செருமினார். அவர் காது உள்ளேதான் இருந்தது.

அவள் டாக்டரம்மாவைப் பார்த்து, யாரோ ஊர் பேர் தெரியாதவரைப் பற்றிச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"முப்பது, டாக்டர். ஒரு நாளைக்கு முப்பது சாப்பிடுறார்."

அவள் கணவருக்கு அவ்வளவு சோர்விலும் முதுகு நிமிர்ந்தது. தப்பான விலையைக் காதால் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது அவர் ரத்தத்தில் இல்லை.

"முப்பதா? யார் சொன்னது? முப்பது கடையா ஏறி இறங்குறேன் நான்? பதினாலு. கடைக்கு ஒண்ணு, பதினாலு கடை. ஞாயித்துக்கிழமை அதுவும் கிடையாது."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. அவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். கோபமாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். கோபமில்லை. அந்த மஞ்சள் கண்ணில் இருந்தது பயம். அதுவரை அவர் பயப்படவேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"எவ்வளவு நாளா?" என்றார் டாக்டரம்மா.

அதற்கு அவள் பதில் சொன்னாள். புது முறை மாத்திரை இரண்டரை மாதமாக. கைப்பையைத் திறந்து தட்டை மேஜைமேல் வைத்தாள். ஒரு மாத்திரையில் இவ்வளவு, இதன் பெயர் இது என்றாள். இதை யார் சோதித்து அனுமதித்தது என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான்தான். கையெழுத்தும் என்னுதுதான்."

கதவு திறந்தது. பெரியத்தான் உள்ளே வந்து, தம்பி காய்ச்சலில் உளறுகிறான் என்றார். காய்ச்சல் இல்லை என்றார் டாக்டரம்மா. அவர் ஏற்கெனவே தொலைபேசியை எடுத்திருந்தார். ஈரல் மாற்று செய்கிற பெரிய மருத்துவமனைக்குப் பேசினார். ரெண்டு நாள் என்று சொன்னவர் இப்போது இன்றைக்கே, வந்த வண்டியிலேயே என்றார்.

பெரிய மருத்துவமனையில் ஈரலுக்கென்று ஒரு தனித் தளமே இருந்தது. அங்கே ஒரு எண்தான் எல்லாரையும் ஆட்டிவைத்தது. ரத்தம் உறைய, சாதாரண ஆளுக்கு ஆவதைப்போல எத்தனை மடங்கு நேரம் எடுக்கிறது என்கிற எண். முதல் நாள் இரண்டு. மறுநாள் இரண்டே முக்கால். சொட்டு சொட்டாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் கணவர் அன்று சாயங்காலம் இது என்ன கிழமை என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். ஈரல் கழிக்காத நஞ்சு மூளைக்கு ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள் என்று பிறகு சொன்னார்கள். கையை நீட்டச் சொன்னார்கள்; நீட்டிய கை சிறகடிப்பது மாதிரி ஆடியது.

மூன்றாம் நாள் எண் மூன்றைத் தாண்டியது. அறுவை டாக்டர், வயதில் சின்னவர், அவளையும் பெரியத்தானையும் ஒரு அறையில் உட்காரவைத்துப் பேசினார். ஈரல் தானாகத் திரும்பிவிடலாம், திரும்பாமலும் போகலாம். இன்னும் ஏறினால் காத்திருக்க முடியாது. கூடப் பிறந்தவர் ஒரு பகுதி ஈரல் கொடுக்கத் தயாராக இருந்தால் இன்றே சோதித்து வைத்துக்கொள்ளலாம்.

பெரியத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு பகுதின்னா எவ்வளவு?"

"பாதிக்கு மேல."

"கால் போதாதா டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. போதாது, ஆனால் திரும்ப வளரும் என்றார். பெரியத்தான் அதையும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பயப்படுகிற பெரியத்தானை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. சரி என்று தலையாட்டினார். டாக்டர் படிவத்தை எடுத்து வரிசையாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, புகைப்பது உண்டா. கடைசியில், நீங்களும் அந்தப் பாசி மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எத்தனை என்றார். இதில் பொய் சொன்னால் இரண்டு பேரும் போவீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பெரியத்தான் அவள் பக்கம் திரும்பாமல் பதில் சொன்னார்.

"ஒண்ணுகூட இல்ல. ஒரு நாளும் சாப்பிட்டதில்ல."

டாக்டர் நல்லது என்று எழுதிக்கொண்டார். அவளுக்கு அந்த நாற்காலியோடு பெரியத்தானைத் தள்ளிவிட வேண்டும்போல ஆத்திரம் வந்தது. அதே நேரம் அந்தச் சுத்தமான ஈரலுக்காகக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. எதையும் செய்யாமல், மாத்திரை போன கடைகளையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லப்போகிறேன் என்று மட்டும் அவரிடம் சொன்னாள். அனுமதி கேட்கும் குரலில் சொல்லவில்லை. அவர் ஊசிக்குக் கையை நீட்டியபடியே, சொல்லு என்றார்.

நாலாம் நாள் காலை பெரியத்தானுக்கு உண்ணக் கொடுக்காமல், அறுவைக்கு ஆயத்தமாகப் பச்சை அங்கி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். ஏழு மணி ரத்தத்தின் எண் எட்டே கால் மணிக்கு வந்தது. இரண்டே முக்கால். கருவி தவறாகக் காட்டலாம் என்று மறுபடி எடுத்தார்கள். இரண்டு புள்ளி ஆறு. அறுவை டாக்டர் கட்டிலருகே வந்து நின்று, இன்றைக்கு என்ன கிழமை என்று அவள் கணவரைக் கேட்டார். சரியான கிழமையைச் சொன்னார். சொல்லிவிட்டு, இது சரியா என்று மனைவியைப் பார்த்தார். இறங்குகிறது, இன்றைக்கு வெட்ட வேண்டாம், நாளைக்கு என்ன என்று நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். பெரியத்தான் பச்சை அங்கியோடு அப்படியே நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் பொழச்சுக்குவேனா?" என்று அவள் கணவர் மெல்லக் கேட்டார். கட்டிலில் படுத்த நாளிலிருந்து முதல் முறையாக.

தேறியது என்று வாய் வரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"இன்னைக்கு இறங்கியிருக்கு. நாளைக்கும் பார்க்கணும்."

அவர் தலையசைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, அவள் கேட்காமலேயே கடைகளைச் சொல்ல ஆரம்பித்தார். தெருமுனையிலிருந்து, தான் நடக்கும் வரிசையிலேயே. ஒன்றையும் விடவில்லை. ஆறாவது கடைக்காரர் தினமும் தன்னோடு சேர்ந்தே விழுங்குவார் என்றார், போட்டிக்கு. ஒன்பதாவது கடைக்கார அம்மா, இளைப்பதற்கு என்று மூன்று மூன்றாகச் சாப்பிடுகிறாள். தான்தான் அப்படிச் சொல்லி விற்றது என்றார்.

அவள் நடைவழிக்கு வந்து தொலைபேசியை எடுத்தாள். முதல் கடைக்காரர் வெறுமனே திட்டினார். இரண்டாமவர் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்று, நாலு, ஐந்துக்கும் சொல்லியாயிற்று. ஆறாவது கடையில் எடுத்தது ஒரு மாற்றாள். முதலாளி ரெண்டு நாளாகக் கடைக்கு வரவில்லை, உடம்பு சரியில்லையாம் என்றான். வீட்டு எண்ணை வாங்கிக்கொண்டு அழைத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் மறுபடி அழைத்தாள்.